ஊசியை விட்டாச்சு, கிருமி விட்டதா?



இந்தத் தடவை பேசப்போவது லயத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி. போதைப் பொடியை ஊசியில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. இன்றும் விடமுடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். விட்டொழித்து, கலியாணம் கட்டி, செம்பனைக் குலை வெட்டிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். "அதெல்லாம் பழைய கதை, இருபது வருசமாச்சு" என்று சொல்லும் அண்ணன்மார்கள்தான் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும்.

ஹெப்பாடைடிஸ் சி என்பது ஈரலைத் தாக்கும் கிருமி. ரத்தத்தின் வழியாகத் தொற்றுகிறது. 1989-இல்தான் இதை அடையாளம் கண்டார்கள். அதுவரை டாக்டர்கள் இதை "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்றே சொல்லி வந்தார்கள்! மலேசியாவில் 2009-ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டில், 15 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்களில் சுமார் நாலரை லட்சம் பேருக்கு இது இருந்தது. அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குப் போதை ஊசி வழியாக வந்தது.

"நான் என் ஊசியைத் தனியாத்தானே வெச்சிருந்தேன்" என்பார்கள். ஊசி தனி, சரி. பொடி கரைத்த கரண்டி? வடிகட்டிய பஞ்சு? அலசிய தண்ணீர்? கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். ஊசிக்குழாயில் தங்கிய ரத்தத்தில் இந்தக் கிருமி 63 நாள் வரை உயிரோடிருந்ததை ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் அலசிவிட்டால் போய்விடும் என்பது வீண் நம்பிக்கை.

தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகவே போய்விடும். மற்றவர்களுக்கு அது உள்ளேயே தங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆள் பாட்டுக்கு வேலைக்குப் போவார், கொஞ்சம் அசதி என்பார். அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இருபது வருசத்தில் ஈரல் சுருங்கிக் கல்லாகிவிடுகிறது. பிறகு வயிற்றில் நீர் கோர்க்கும், ரத்த வாந்தி வரும், புற்றுநோயும் வரலாம். இதோடு சம்சுவும் சேர்ந்தால் இருபது வருசம் பொறுக்காது.

நம்மில் பலர் கண் மஞ்சளானால்தான் காமாலை என்று நினைக்கிறோம். கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம், மஞ்சள் மறைந்ததும் குணமாச்சு என்று விட்டுவிடுகிறோம். பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்யவில்லை, அம்மா! இந்தக் கிருமி வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. மஞ்சளானாலும், மஞ்சள் போவது வேறு, கிருமி போவது வேறு. ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது நல்ல சேதிக்கு வருவோம். இந்தக் கிருமியை ஒழிக்க மாத்திரை இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர்! ஒரு தொழிலாளி ஆயுள் முழுக்கப் பால் வெட்டினாலும் கட்டுமா? 2017-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைக்காரனைக் கேட்டுக்கொண்டிராமல், மலிவு விலை மாத்திரையை வரவழைக்கச் சட்டப்படி உத்தரவு போட்டது. மறு வருசமே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிக்காரன் முன்னால் அரசாங்கம் நிமிர்ந்து நின்ற காரியம் இது. அதன் பலன் தோட்டத்துக்கு வந்து சேராவிட்டால் என்ன பிரயோசனம்?

மலேசியாவிலும் தாய்லாந்திலும் சுமார் 300 பேருக்கு இத்தகைய மாத்திரைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். நூற்றுக்கு 97 பேர் குணமானார்கள். மெத்தடோன் குடிப்பவர்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆகவே "போதைக்காரனுக்கு மருந்து வேலை செய்யாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றாகச் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், கொசு கடிப்பதால் இது தொற்றாது. மகனுக்குத் தனித் தட்டு, தனி மூலை என்று ஒதுக்காதீர்கள். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. குழந்தைகளுக்குப் போடுவது ஹெப்பாடைடிஸ் பி-க்கு.

இன்னும் ஊசியை விடமுடியாத தம்பிகளே, ஒருவர் சாமானை ஒருவர் தொடாதீர்கள். மெத்தடோன் 2005 முதலும், சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் 2006 முதலும் இந்த நாட்டில் நடந்து வருகின்றன.

அரசாங்க கிளினிக்கில் "ஹெப்பாடைடிஸ் சி பார்க்கணும்" என்று கேளுங்கள். விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுப்பார்கள். மண்டோரிடம் கிளினிக் போகிறேன் என்றால் போதும், என்ன வியாதி என்று விளக்கவேண்டியதில்லை. அந்தச் சோதனையில் 'உண்டு' என்று வந்தால், கிருமி இன்னும் இருக்கிறதா என்று வேறு ரத்தச் சோதனை செய்வார்கள். அதிலும் இருந்தால்தான் மாத்திரை. குணமான பிறகும் விரல் சோதனை 'உண்டு' என்றே காட்டும், பயப்படவேண்டாம். ஆனால் மறுபடி ஊசியைப் பகிர்ந்தால் மறுபடி தொற்றும். குணமான சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை டாக்டரிடமோ தோட்டத்து டிரசரிடமோ காட்டுங்கள்.