ஆண்டுதோறும் கூடும் குடும்பங்கள்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாநிலக் கண்காட்சி, வேளாண் குடும்பங்களின் திருவிழாவாக விளங்குகிறது. ஆகஸ்டு மாதத்தில் 11 நாட்கள் டெ மாயின் நகரில் நடைபெறும் இக்கண்காட்சியில், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடாரமடித்துத் தங்கும் குடும்பங்கள் உண்டு. 1911 முதல் அங்கே வெண்ணெயால் வடிக்கப்படும் பசுவைத் தாத்தா பாட்டியர் கண்டதுபோலவே பேரப்பிள்ளைகளும் கண்டு மகிழ்கின்றனர். 1960 முதல் அதனை வடித்த நோர்மா லயன், 2006இல் தம் மாணவி சாரா பிராட்டிடம் அப்பணியை ஒப்படைத்தார்.

பிள்ளைகள் பல மாதங்கள் தீனியிட்டு, குளிப்பாட்டி வளர்த்த கன்றுகளையும் பன்றிகளையும் நடுவர் முன்பாக நடத்திச் செல்கின்றனர். இறைச்சிக்கென வளர்க்கப்பட்டவை விற்கப்படும்போது கண்ணீர் சிந்தும் சிறுவர்களும் உண்டு. உழைப்பின் பலனையும் பிரிவின் வேதனையையும் ஒருங்கே அறியும் அவ்வேளையில், பெற்றோர் அருகில் நின்று அவர்களைத் தேற்றுகின்றனர்.

போரின் காரணமாக 1942 முதல் 1945 வரையும், கொரோனாவினால் 2020இலும் கண்காட்சி நடைபெறவில்லை. தடை நீங்கியதும் குடும்பங்கள் மீண்டும் திரண்டு வந்தன. மூத்தோர் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தபடியால் அவ்வழக்கம் அழியவில்லை.

நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆவலுடன் எதிர்நோக்கும்படி நம் இல்லத்தில் என்ன வழக்கம் உண்டு? சிந்திப்போம்.