பகைவரைக் காத்த நீர்மூழ்கி

கண்ணுக்குப் புலப்படாது கடலடியில் மறைந்துசென்று கப்பல்களை அழிப்பதே நீர்மூழ்கியின் தொழில். அது உயிர் காப்பதற்கென ஆக்கப்பட்டதன்று. அதன் வயிற்றில் வெடிகளுக்கு இடமுண்டு. அதனைச் செலுத்தும் மாலுமிகளுக்கே கால் நீட்டிப் படுக்க இடமில்லை. அத்தகைய கொலைக் கருவியொன்று, தான் மூழ்கடித்த கப்பலின் மக்களை நான்கு நாட்கள் சுமந்து நின்றது. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ஜேர்மனியின் யூ-156 என்னும் நீர்மூழ்கியின் கதை அது.

பிறேமன் நகரிற் கட்டப்பெற்று, 1941 செப்டெம்பர் 4ஆம் நாள் இது சேவையில் இறங்கிற்று. நீளம் ஏறத்தாழ 77 மீற்றர். உள்ளே ஐம்பது பேரளவில் இருந்தனர். தலைவர் வேர்னர் ஹார்ட்டென்ஸ்டைன், முப்பத்துமூன்று வயதினர்.

1942 பெப்ரவரி 16ஆம் நாள் கரிபியன் கடலிலுள்ள அரூபாத் தீவின் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியபின், கரையிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் மீது பீரங்கியைத் திருப்பினர். கடல்நீர் புகாதிருக்கக் குழாயின் வாயில் இட்டிருந்த மூடியைக் கழற்ற மறந்துவிட்டார்கள்! முதற் குண்டே குழாயைப் பிளந்தது. ஒருவர் உயிரிழந்தார், ஓர் அதிகாரி காலை இழந்தார். மாலுமிகளோ பிளந்த முனையை அறுத்தெறிந்து, குறைப்பட்ட பீரங்கியோடே வேட்டையைத் தொடர்ந்தனர். தன் வாழ்நாளில் இந்நீர்மூழ்கி அழித்த கப்பல்கள் இருபது. இரக்கத்தின் கதையைச் சொல்லுமுன் இந்தக் கணக்கையும் சொல்லுதல் நேர்மையாகும்.

இருளில் எழுந்த குரல்கள்

1942 செப்டெம்பர் 12ஆம் நாள் இரவு. மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில், ‘லகோனியா’ என்னும் பெரிய பிரித்தானியக் கப்பலை யூ-156 இன் இரு டோர்ப்பிடோக்கள் தாக்கின. அது பீரங்கிகள் பூட்டிய, துருப்புக்களை ஏற்றிச் செல்லும் கப்பல்; யுத்த விதிப்படி தாக்கத்தக்கதே. ஆனால் அதிலிருந்த ஏறத்தாழ 2,700 பேரில் 1,800 பேரளவினர் இத்தாலியக் கைதிகள். ஜேர்மனியின் நேச நாட்டவர். பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். கைதிகளிற் பலர் பூட்டிய அறைகளுக்குள்ளேயே மூழ்கி மாண்டனர்.

அருகே சென்ற ஹார்ட்டென்ஸ்டைனின் செவியில் இத்தாலிய மொழியில் அபயக் குரல்கள் விழுந்தன. அவர் மீட்கத் தொடங்கினார். தோழரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பகைவரைக் கடலில் விட்டாரா? இல்லை, கைக்கெட்டியவர் யாவரையும் ஏற்றினார். தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் வேறு நீர்மூழ்கிகளையும் உதவிக்கு அனுப்பினார்.

மறுநாட் காலை ஹார்ட்டென்ஸ்டைன் செய்த செயல் யுத்த வரலாற்றில் அரிது. மறைந்திருப்பதே காப்பான ஒரு கலத்தின் தலைவர், தாம் நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில், மறைமொழியின்றி, கம்பியில்லாத் தந்தியில் உலகறிய அறிவித்தார். தம்மைத் தாக்காதிருந்தால், உதவ வரும் எக்கப்பலையும் தாமும் தாக்குவதில்லை என உறுதி கூறினார்.

உள்ளும் மேற்றளத்திலுமாக ஏறத்தாழ இருநூறு பேர். கயிற்றாற் பிணித்து இழுத்த படகுகளில் மேலும் பலர். மாலுமிகள் தம் உணவைப் பகிர்ந்தனர். யூ-506, யூ-507 என்பன வந்து சிலரைத் தாங்கிக்கொண்டன.

வானிலிருந்து வந்த விடை

செப்டெம்பர் 16ஆம் நாள், அசென்ஷன் தீவிலிருந்து அமெரிக்க விமானமொன்று வந்தது. செஞ்சிலுவைக் கொடி விரிக்கப்பட்டது. மேற்றளத்தில் நின்ற பிரித்தானிய அதிகாரியொருவர், பெண்களும் குழந்தைகளும் இருப்பதை விளக்கொளியால் உணர்த்த முயன்றார். விமானம் அகன்றது; பின் கட்டளை பெற்றுத் திரும்பி வந்து குண்டுகளை வீசியது. ஒரு குண்டு படகுகளின் நடுவே விழுந்தது. தப்பிப் பிழைத்தவர்களே அங்கு மாண்டனர். ஹார்ட்டென்ஸ்டைன் கயிறுகளை அறுக்கச் செய்து, ஏறியிருந்தோரை மீண்டும் நீரில் இறக்கிவிட்டு, சேதமுற்ற நீர்மூழ்கியோடு கடலுள் மறைந்தார்.

அடுத்த நாள் முதல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து, மற்றைய நீர்மூழ்கிகளிலும் படகுகளிலும் இருந்தோரை ஏற்றின. ஆயினும் அவற்றின் கண்ணிற் படாத படகுகளும் இருந்தன. டோரிஸ் ஹோக்கின்ஸ் என்னும் தாதி, பெற்றோரிடம் சேர்ப்பிக்க ஏந்திவந்த பதினான்கு மாதக் குழந்தையைக் கப்பல் மூழ்கிய இரவே கடலுக்குப் பறிகொடுத்தார். அவர் இருந்த படகு இருபத்தேழு நாட்கள் அலைந்து லைபீரியக் கரையை அடைந்தபோது, அறுபத்தெட்டுப் பேரில் பதினாறு பேரே எஞ்சினர். லகோனியாவில் மாண்டோர் தொகை 1,600க்கும் அதிகம்.

செப்டெம்பர் 17ஆம் நாள் டோனிட்ஸ் புதுக் கட்டளை பிறப்பித்தார்: மூழ்கிய கப்பலின் மக்களைக் காக்கும் முயற்சி எதுவும் கூடாது. யுத்தம் முடிந்தபின் நியூரம்பேர்க் நீதிமன்றில் இக்கட்டளை அவருக்கெதிராக எடுத்துக்காட்டப்பட்டது. உயிர் தப்பியோரைக் கொல்லும்படி அவர் பணித்தார் என்பது ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் அவருடைய கட்டளைகளின் தெளிவின்மையை நீதிமன்று வன்மையாகக் கண்டித்தது. பசிபிக் சமுத்திரத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் பொதுவாக எதிரிகளை மீட்டதில்லை என அந்நாட்டுக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸே சான்றளித்தார்.

விமானியின் மேலிடம் தன் தளத்தையும் கப்பல்களையும் காக்க நினைத்தது. டோனிட்ஸ் தம் நீர்மூழ்கிகளைக் காக்க நினைத்தார். இருவரிடமும் நியாயம் இருந்தது. அந்த இரு நியாயங்களுக்கிடையே அகப்பட்டு மாண்டவர்களோ, கையில் ஆயுதமின்றி நீரில் மிதந்தவர்கள்.

1943 மார்ச் 8ஆம் நாள், பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே, அமெரிக்கக் கடல் விமானமொன்றின் குண்டுகளால் யூ-156 பிளந்து மூழ்கியது. சிலர் நீரில் தத்தளிப்பதைக் கண்ட விமானிகள் மிதவையொன்றை வீசினர். தேடுதற்குப் போர்க்கப்பல் அனுப்பப்பட்டது. அது எவரையும் காணவில்லை. ஹார்ட்டென்ஸ்டைன் உட்பட ஐம்பத்துமூவரும் மாண்டனர்.

பகைவர் வீசிய அந்த மிதவை, அவர்களுக்கு உதவாது போயிற்று. எனினும் அது வீசப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.