முகத்துவாரம் அடைபடும் மாதங்களில்

அமெரிக்கக் கல்லூரிகளின் கோடை விடுமுறை மே மாதத்தில் தொடங்கி ஆகஸ்டு வரை நீளும். அந்த இடைவெளியில் நான்கு வாரமோ எட்டு வாரமோ வெப்பநாடு ஒன்றில் தங்கி, காட்டையோ பவளப்பாறையையோ நேரில் படித்துத் திரும்புவது அங்குள்ள சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு நெடுநாள் பழக்கம். கோஸ்டாரிகாவை மையமாகக் கொண்டு 1963-இல் உருவான வெப்பமண்டல ஆய்வு அமைப்பு இதற்கு வழிபோட்டது. பின்னால் பல நிறுவனங்கள் அதே தடத்தில் வந்தன. கட்டணம் பல ஆயிரம் டாலர். அப்படி ஒரு வகுப்பு சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்துக்கு வந்து இறங்கினால் எதைக் கற்கும், எதை விட்டுச் செல்லும்? ஒரு கோடை வகுப்பால் இந்த ஏரியை அறிந்துவிட முடியாது. ஆண்டுதோறும் வரும் வகுப்புகள் ஒரே இடத்தில் ஒரே அளவீட்டை எடுத்து, எண்களை ஊரிலேயே விட்டுச் சென்றால் அந்த வரிசையால் முடியும் என்பது என் வாதம். அதற்கு முதலில் ஏரியின் ஓராண்டைப் பார்க்க வேண்டும்.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனைதான் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியது. இத்தனை பரப்புக்கும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆழம் குறைந்த நீர் எதற்கும் சட்டென்று மாறும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரி ஏறக்குறைய நன்னீராகிவிடும். மழை ஓய்ந்து ஆறுகள் வற்றி வெயில் ஏற, நீர் ஆவியாகும், உப்பு தங்கும். கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு. கோடையில் இந்த ஏரியில் 50-ஐத் தாண்டிய பதிவுகள் உண்டு. அதே மாதங்களில் கடலோரமாக நகரும் மணல் முகத்துவாரத்தில் மேடு கட்டும். அதைக் கழுவித் தள்ள ஆற்றில் நீர் இருக்காது. வாய் குறுகும், சில ஆண்டுகளில் முழுக்க அடைபட்டும் போகும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுவது. அதன் குஞ்சுகள் கடல் ஏறும்போது அந்த வாய் வழியே ஏரிக்குள் வந்து, சேற்றடியில் மேய்ந்து, சில மாதம் வளர்ந்து, பிறகு நீர் இறங்கும்போது கடலுக்குத் திரும்ப வேண்டும். வாய் அடைந்தால் இரண்டு பயணமும் நின்றுபோகும். ஜூன் மாதத்தில் வருகிற மாணவருக்கு இந்த ஓட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. ஏரிக்குப் புகழ் சேர்க்கும் பூநாரைக் கூட்டங்களும் பெரும்பாலும் குளிர்காலத்துக்கு உரியவை.

பார்க்கத் தவறும் இன்னொன்று, உயிரியல் பாடநூலில் இடம்பெறாதது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நடமாடும் நீர்ப்பரப்பில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை இங்கே 'பாடு' என்ற முறை தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்கள் இந்த உரிமையைக் கையில் வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை சுழன்று வரும். சூழலியலாளர் கேரெட் ஹார்டின் 1968-இல் பொதுச்சொத்து எல்லாராலும் சூறையாடப்பட்டே அழியும் என்று எழுதியது உலகெங்கும் பாடமானது. ஆனால் துருக்கியின் அலன்யா மீனவர்கள் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி வலையிடும் இடங்களைப் பிரித்துக்கொண்டு, நாள்தோறும் ஓர் இடம் நகர்ந்து செல்வதை ஆய்வாளர் ஃபிக்ரெட் பெர்க்கஸ் விவரித்தார். அத்தகைய சான்றுகளைத் திரட்டி 1990-இல் நூலாக்கிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் வலை கட்டும் இடத்துக்குச் சீட்டு உண்டு. ஆக, வெளிநாட்டு மாணவர் தன் வகுப்பறையில் படித்துவிட்டு வரும் கோட்பாட்டின் உயிருள்ள சான்று கோட்டைக்குப்பத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் முறை சுழல்வதைப் புரிந்துகொள்ள அது ஒரு சுற்றாவது சுழல வேண்டும். நான்கு வாரத்தில் கிடைப்பது அதைப் பற்றிய பேச்சு மட்டுமே.

தங்கிப் படித்தவர்கள் தந்தது வேறு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியைத் தொடர்ந்து வந்தவர். ஏரியின் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் அடிப்படை ஆதாரம். பிரிட்டனிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்காகப் பாடு முறையை ஆராய்ந்த சாரா கூல்தார்டின் கட்டுரை 2008-இல் வெளியானது. ஏரி மாறும்போது எல்லா மீனவராலும் ஒரேபோல் மாறிக்கொள்ள முடிவதில்லை என்பதையும், பாடு உரிமை சாதியோடு பிணைந்திருப்பதால் அதற்கு வெளியே நிற்பவர்கள் உண்டு என்பதையும் அவர் காட்டினார். வெளிநாட்டவர் என்பதே குறை என்று நான் சொல்லவில்லை. கூல்தார்டே அதற்குப் பதில். குறை, வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவதில் இருக்கிறது. பவளப்பாறை ஆய்வுகளை அலசி 2021-இல் வந்த ஒரு கட்டுரை, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் களப்பணி செய்து எழுதப்பட்டவற்றில் சுமார் 40 விழுக்காட்டில் அந்த நாட்டு அறிவியலாளர் ஒருவர்கூட இல்லை என்று கணக்கிட்டது. பாராசூட்டில் குதித்துத் திரும்பும் அறிவியல் என்று இதைக் கண்டித்து எழுதிவருபவர் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். பழவேற்காட்டுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் காலத்தை எழுதி வைத்த டச்சுக் கம்பெனி ஆவணங்களைப் படிக்க வேண்டுமானால் இன்றும் பெரும்பாலும் தி ஹேக்கில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நானூறு ஆண்டு கழித்து ஏரியின் உப்பளவுக்கும் அதே கதி நேரலாகாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். எத்தனை ஆண்டு வந்தாலும் எல்லா வகுப்பும் கோடையில்தானே வரும். ஒரே பருவத்தை நூறு முறை அளந்தாலும் ஆண்டின் சுழற்சி தெரியுமா? தெரியாது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நேரும் மாற்றம் தெரியும், அதற்கு ஒரே பருவத்தில் அளப்பதே சரியான வழி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடப்பது இதே அடிப்படையில்தான். சில நாள் வேலை, பெரும்பாலும் தன்னார்வலர்கள். அதோடு, கோடை இந்த ஏரி மிகவும் நலிந்திருக்கும் காலம். உப்பு உச்சத்தில், நீர் அடிமட்டத்தில், வாய் குறுகி இருக்கும். நோயாளியைக் காய்ச்சல் ஏறியிருக்கும்போதுதான் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கக் கல்லால் தூண்டில் வளைவு கட்டும் பணியைத் தமிழ்நாடு அரசு எடுத்தது. அது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அந்தக் கற்கள் கோடை உப்பைக் குறைத்தனவா, உள்ளே ஆழம் கூடியதா, பக்கத்துக் கரையில் மண் அரிப்பு ஏற்பட்டதா? ஜூன் மாத அளவீடுகளின் தொடர்வரிசை இந்தக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லும். மழைக்கால அளவீட்டைப் பொன்னேரி, சென்னைக் கல்லூரி மாணவர்கள் எடுக்கட்டும். ஏரி அவர்களுக்குப் பேருந்து தூரம். முதல் உரிமையும் அவர்களுடையதே.

மாணவர் எடுத்த எண்ணை நம்பலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். அளப்பதை எளிதாக வைத்துக்கொண்டால் நம்பலாம். நீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865-இல் கையாண்ட கருவி ஒரு வட்டத்தட்டு; கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். இன்றும் உலகின் ஏரிகளில் அதுவே பயன்படுகிறது. உப்பளவுக்குச் சட்டைப்பையில் அடங்கும் கருவி போதும், ஆழத்துக்கு அளவு கீறிய கம்பு. மீனவர் வள்ளத்தைத் தள்ளும் கம்பாலேயே நாள்தோறும் ஆழம் பார்ப்பவர். அவர் கூட வந்தால் பிழை உடனே பிடிபடும். ஒவ்வோர் ஆண்டும் புதுத் தலைப்பு தேடித் தனிக்கட்டுரை எழுதச் சொல்வதால்தான் கோடை வகுப்புகளின் உழைப்பு சிதறிப்போகிறது. முந்திய ஆண்டுக்காரர் நின்ற அதே இடத்தில் நின்று அளந்து, இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொன்னால் மாணவருக்குச் சலிப்புத் தட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அறிவியலின் கடினமான வேலையே அந்த விளக்கம்தான்.

மிச்சமிருப்பது, எந்த இடங்களில் நின்று அளப்பது என்ற கேள்வி. பாடு நடக்கும் இடங்களில் மட்டும் அளந்தால் அந்த எண்கள் பாடு உரிமை உள்ளவர்களின் ஏரியை மட்டுமே காட்டும். கரையோரத்து ஆழமற்ற சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்களுக்கு வலையும் இல்லை, முறையும் இல்லை. உப்பு ஏறி ஓரநீர் சுருங்கும்போது முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள். அளவிடும் இடங்களில் ஒன்றாவது அவர்கள் இறங்கும் சேற்றில் இருக்க வேண்டும். அங்கே எடுத்த எண்ணைப் பஞ்சாயத்துக் குறிப்பேட்டுக்குள் மூடிவைக்காமல், அவர்கள் ஏறி இறங்கும் துறையிலேயே ஒரு பலகையில் தமிழில் எழுதிவிட்டு விமானம் ஏறலாம்.