'வீட்டுப் பிள்ளை' என்ற வாக்குறுதியும் ஐந்து மணித்தியாலக் கணக்கும்

"எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருப்போம்" என்ற வாக்குறுதி எமது நாட்டுக்குப் புதியதன்று. மலையகத் தோட்டமொன்றிலிருந்து கொழும்பு வீட்டுக்குச் சிறுமியை அழைத்துச் செல்பவர் இதனைத்தான் கூறுகின்றார். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாக அனுப்புவதற்குக் கிராமத்துக்கு வரும் உப முகவரும் இதனையே கூறுகின்றார். அந்த வாக்குறுதியின் பெறுமதி என்ன என்பதை எம்மவர் பலர் கண்ணீரால் அறிந்து கொண்டிருக்கின்றனர். ஆனால் இதே வாக்குறுதியை ஐரோப்பிய நாடுகள் சில ஓர் உடன்படிக்கையாகவே எழுதி வைத்திருக்கின்றன என்பது எம்மில் பலர் அறியாத விடயமாகும். எழுதி வைத்த பின்னரும் அது எங்கே நிலைக்கின்றது, எங்கே வழுக்குகின்றது என்பதை ஸ்பெயினில் உள்ள நிலைமையைக் கொண்டு சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

ஓர் இளம் பெண் (அண்மைக் காலமாக இளைஞர்களும்) வேறொரு நாட்டில் ஒரு குடும்பத்துடன் தங்கி, அவர்களது பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டு, அந்நாட்டின் மொழியையும் வாழ்க்கை முறையையும் கற்றுக் கொள்வதே 'ஓ-பேர்' எனப்படும் முறை. பிரெஞ்சு மொழியில் இதற்குச் 'சமமாக' என்று பொருள். வேலைக்காரியாகவும் அன்றி விருந்தாளியாகவும் அன்றி, வீட்டாருடன் சமமாக என்பதே இதன் கருத்து. 1969ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஐரோப்பியப் பேரவையின் அனுசரணையில் இதற்கென ஓர் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. ஸ்பெயின் அதனை 1988இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

அவ்வுடன்படிக்கையின் வாசகங்கள் படிப்பதற்கு எளிமையானவை. வயது 17க்குக் குறையாமலும் 30க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தங்கும் காலம் முதலில் ஓராண்டு. நீடித்தாலும் மொத்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டலாகாது. அன்றாட வேலை பொதுவாக ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. உணவும் உறைவிடமும், இயன்றவரை தனி அறையும் வழங்கப்பட வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு. மாதத்தில் ஒரு தடவையேனும் அது ஞாயிற்றுக்கிழமையாக அமைய வேண்டும். மொழி வகுப்புக்குச் செல்வதற்கு நேரம் கொடுக்கப்பட வேண்டும். மத வழிபாட்டில் கலந்து கொள்வதற்குப் பூரண வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். கைச்செலவுக்குப் பணம் உண்டு; ஆனால் எவ்வளவு என்பதை உடன்படிக்கை கூறவில்லை. அதனை இரு தரப்பும் பேசி எழுத்தில் நிர்ணயித்துக் கொள்ள வேண்டும். அவ்வெழுத்தும் அப்பெண் தனது நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே ஆக்கப்படுவது விரும்பத்தக்கது என்கிறது உடன்படிக்கை.

ஸ்பானியக் குடும்பமொன்று இத்தகைய பெண்ணை ஏன் தேடுகின்றது? பிள்ளைகளைப் பார்ப்பதற்கு ஆள் தேவை என்பது பாதிக் காரணமே. அங்கே பாட்டியும் பாட்டனும் பேரப்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அழைத்து வருவது இன்றும் சாதாரணக் காட்சி. அந்த வகையில் அவர்கள் எம்மைப் போன்றவர்களே. மற்றப் பாதி ஆங்கிலம். பிராங்கோவின் ஆட்சியில், 1941இல், வெளிநாட்டுத் திரைப்படங்கள் யாவும் ஸ்பானிய மொழியில் குரல் மாற்றப்பட்டே காண்பிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அந்தக் கட்டாயம் நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்கவில்லை. ஆங்கிலத்தைக் காதால் கேட்காமலே தலைமுறைகள் வளர்ந்து விட்டன. தாம் பெறாததைத் தமது பிள்ளைகளாவது பெற வேண்டும் என்ற ஏக்கம் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் உள்ள நடுத்தர வர்க்கப் பெற்றோரிடம் பலமாக உண்டு. ஆங்கிலக் கல்விக்காக எமது பெற்றோர் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதனைப் புரிந்து கொள்வது கடினமன்று.

முதலாவது முரண்பாடும் இங்கேதான் தோன்றுகின்றது. ஸ்பானிய மொழி கற்க விரும்பி வந்தவளிடம் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும்படி கேட்கப்படுகின்றது. பிள்ளையுடன் ஸ்பானிய மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் தாய் முகம் சுளிக்கின்றாள். ஆகவே வீட்டுக்கு வெளியே செலவிடக் கிடைக்கும் நேரமே அவளது உண்மையான ஊதியம் எனலாம். அரசாங்கம் நடத்தும் மொழிப் பாடசாலைகள் அங்கே உண்டு. அவற்றில் முதலாவது 1911இல் மாட்ரிட்டில் ஆரம்பிக்கப்பட்டது. வகுப்புக்குச் செல்லும் மாலை நேரம் "இன்று மட்டும் கொஞ்சம்" என்று பறிபோகுமானால், அவள் எதற்காகக் கடல் கடந்து வந்தாளோ அதுவே பறிபோகின்றது. பார்சிலோனாவைத் தெரிவு செய்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே பாடசாலையின் பிரதான மொழி கத்தலான்; பல வீடுகளின் மொழியும் அதுவே.

வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தவுடன் அவளைத் திகைக்க வைப்பது கடிகாரம். பகலுணவு இரண்டு அல்லது மூன்று மணிக்கு. மாலை ஐந்து, ஆறு மணியளவில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. இரவுணவு ஒன்பது மணிக்கு முன்னர் அரிது. ஸ்பெயின் புவியியல் ரீதியில் பிரித்தானியாவுக்கு நேர் தெற்கே இருப்பினும், 1940இல் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தி ஜெர்மனியின் நேரத்துடன் இணைந்து கொண்டது. பின்னர் அது மாற்றப்படவேயில்லை. சூரியன் பிந்தி மறையும் நாட்டில் மனிதரும் பிந்தியே உறங்குகின்றனர். இது வெறும் சுவையான தகவலன்று. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்பவள் இரவு பத்து மணிக்கும் அவர்களைப் படுக்க வைத்துக் கொண்டிருந்தால், இடையில் ஓய்வு இருந்த போதிலும் அவளது நாள் பதினான்கு மணித்தியாலமாக நீண்டு விடுகின்றது. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணித்தியாலம் தான் வேலை என்று வீட்டார் கூறுவர். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த ஐந்து மணித்தியாலமும் எந்த வேளைகளில் சிதறிக் கிடக்கின்றன என்பதை முதலிலேயே எழுதிக் கொள்ளாதவள் எந்த வகுப்புக்கும் போக முடியாது. ஜூன் மாத இறுதியிலிருந்து செப்டெம்பர் ஆரம்பம் வரை பாடசாலை விடுமுறை. அப்போது இந்தக் கணக்கு அடியோடு குழம்பிப் போகும்.

உணவு பற்றியும் கூற வேண்டும். உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சியை ஸ்பானியர் ஒரு தனி உணவாகவே கருதுவதில்லை போலும். பயற்றங்குழம்பிலும் மரக்கறியிலும் பாண் துண்டுக்குள்ளும் அது இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னவருக்கும் அது தூவிய உணவு வந்து சேர்வதுண்டு. அதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆகவே முஸ்லிம் பெண்களும் சைவ உணவுக்காரரும் 'இறைச்சி உண்பதில்லை' என்று பொதுவாகக் கூறுவது போதாது. எதனை உண்பதில்லை என்பதைப் பெயர் குறிப்பிட்டு, வருவதற்கு முன்னரே அறிவித்து விட வேண்டும். நோன்பு மாதம் எப்போது வரும் என்பதையும் அவ்வாறே. இதே ஸ்பெயினில்தான் எண்ணெய்க்கும் சீனிக்கும் வழங்கும் சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. 'அப்படி நடக்கட்டுமே' என்று ஆசைப்படும் போது ஸ்பானியர் சொல்லும் 'ஒஹலா' என்ற சொல்லின் உள்ளே இறைவனின் நாட்டம் பற்றிய அரபுத் தொடரே மறைந்திருக்கின்றது. 1492இல் கிரனடா வீழ்ந்தது; 1609 முதல் முஸ்லிம் வழித்தோன்றல்கள் நாட்டிலிருந்தே துரத்தப்பட்டனர். மொழியிலிருந்து அவர்களைத் துரத்த முடியவில்லை.

மரியாதை பற்றிய குழப்பம் வேறு. வீட்டுத் தலைவியையும் தலைவரையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். 'நீங்கள்' என்பதற்கு ஈடான 'உஸ்தெத்' இருக்க, 'நீ' என்பதற்கு ஈடான 'தூ' என்றே பேச வேண்டும். எம்மவர் பிள்ளைகளுக்கு இது நாக்கில் வராது. வலிந்து 'உஸ்தெத்' என்று பேசிக் கொண்டிருந்தால், அதனை அங்கே பணிவு என்று கொள்வதிலும் பார்க்க விலகி நிற்பதாகவே கொள்வர். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவரை 'நீ' என்று அழைக்கும் உரிமை கிடைத்து விட்டதனால் "இன்று எனது ஓய்வு நாள்" என்று அவரிடம் சொல்லும் துணிவும் கிடைத்து விடும் என்பதில்லை. 'நீ' என்று அழைப்பவரிடம் கணக்குப் பேசுவதுதான் மிகவும் சங்கடமானது.

இந்தச் சங்கடம் முழுவதையும் ஒரே இடத்தில் காண விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவு மேசையைப் பார்க்க வேண்டும். உறவினர் கூடியிருப்பர், பெரும்பாலும் பாட்டியின் வீடாக இருக்கும். உண்டு முடிந்த பின்னரும் எவரும் எழுவதில்லை. கோப்பியுடன் ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோ பேசிக் கொண்டிருப்பர். இவ்வாறு மேசையில் தங்கிப் பேசுவதற்கென்றே 'சொப்ரெமேசா' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு. வந்து இரண்டு வாரமேயான அந்தப் பெண் அங்கே அமர்ந்திருக்கின்றாள். பேச்சு புரியவில்லை. கைகள் சும்மா இருக்கின்றன. பாத்திரங்கள் மேசையிலேயே கிடக்கின்றன. எழுந்து அவற்றை அடுக்குவதா, அமர்ந்திருப்பதா? அமர்ந்திருந்தால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற அச்சம். எழுந்து அடுக்கினாலோ, அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவளே எழ வேண்டும் என்பது எவரும் சொல்லாமலே சட்டமாகி விடும். அதுவும் அவளது ஓய்வு நாளில்.

வீட்டுப் பிள்ளைகளும் எழுந்தால் தானும் எழுவது. அவர்கள் அமர்ந்திருந்தால் தானும் அமர்ந்திருப்பது. எமக்குத் தெரிந்த வரையில் இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. 'வீட்டுப் பிள்ளை' என்ற சொல்லை அதன் நேர்ப் பொருளில் எடுத்துக் கொள்வதில் தவறொன்றுமில்லை.

நல்ல குடும்பங்கள் இல்லாமலில்லை. "இது உன் வீடு" என்று ஸ்பானியர் கூறுவதில் மனமார்ந்த அன்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விடைபெறும் நாளில் பிள்ளைகள் அழ, பாட்டி முத்தமிட்டு அனுப்பி வைத்த வீடுகள் எத்தனையோ. எனினும் அன்பு இருக்கும் வீட்டில் சட்டம் தேவையில்லை என்ற எண்ணந்தான் ஆபத்தானது. ஸ்பானியச் சட்டமே அந்த எண்ணத்துக்கு இடமளித்திருக்கின்றது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

வீட்டுப் பணியாளருக்கான 2011ஆம் ஆண்டு அரச ஆணையானது வாரத்துக்கு 40 மணித்தியால வேலை, தொடர்ச்சியாக 36 மணித்தியால வார ஓய்வு ஆகியவற்றை விதிக்கின்றது. அதே ஆணை, 'ஓ-பேர்' போன்ற குடும்ப வாழ்வுப் பகிர்வு உறவுகளைத் தனது எல்லைக்கு வெளியே நிறுத்தி விடுகின்றது. வீட்டுவேலை சிறு அளவினதாக இருக்கும் வரைக்கும்தான் அந்த விலக்கு. உண்மையில் நடப்பது தொழிலே என்று நிரூபித்தால் சட்டத்தின் பாதுகாப்புக் கிட்டும். ஆனால் மொழி தெரியாத, பத்தொன்பது வயதுப் பெண் தான் உறங்கும் வீட்டுக்கு எதிராக அதனை எவ்வாறு நிரூபிப்பாள்?

அதே மாடிக் கட்டடத்தின் இன்னொரு வீட்டில் ஈக்குவடோரிலிருந்தோ பொலிவியாவிலிருந்தோ வந்த ஒரு பெண் தங்கி வேலை செய்யக் கூடும். அவளை எவரும் 'சமம்' என்று அழைப்பதில்லை. ஸ்பானிய மொழியில் அவள் 'இந்தெர்னா', உள்ளே வசிப்பவள். நெடுங்காலமாக வீட்டுப் பணியாளருக்கு வேலையற்றோர் கொடுப்பனவு கூட இருக்கவில்லை. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது பெண்களுக்கு எதிரான பாரபட்சம் என்று தீர்ப்பளித்த பின்னரே, அவ்வாண்டு செப்டெம்பரில் ஸ்பெயின் சட்டத்தைத் திருத்தியது. வீட்டுப் பணியாளர் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 2011ஆம் ஆண்டுச் சமவாயத்தை 2023இல் உறுதிப்படுத்தியது. வேலைக்காரி என்று அழைக்கப்பட்டவள் போராடிச் சட்டத்துக்குள் வந்து விட்டாள். பிள்ளை என்று அழைக்கப்பட்டவள் இன்னமும் வாசலில் நிற்கின்றாள்.

இவ்விடத்தில் மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நினைக்காமலிருக்க எம்மால் முடியவில்லை. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற அச்சிறுமியிடம், பயிற்சி ஏதுமின்றி, நான்கு மாதக் கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி ரிஸானாவின் உயிரும் பறிக்கப்பட்டது. ஸ்பெயினின் நிலைமையை அதனுடன் ஒப்பிடுவது நியாயமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பிறர் குழந்தையைப் பார்க்கச் செல்லும் எந்த இளம் பெண்ணும், எந்த வயதுக் குழந்தை, எத்தனை மணித்தியாலம், வீட்டில் பெரியவர் இல்லாத வேளையில் விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற கேள்விகளைப் பயணத்துக்கு முன்னர் கேட்டாக வேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேறில்லை.

ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த எம்மவர் பிள்ளைகளுள் பாடசாலைப் படிப்பு முடிந்து ஓராண்டு வெளியே சென்று வர விரும்புவோருக்கு இது பொருத்தமான வழியே. பிரெஞ்சு, ஜெர்மன் கடவுச்சீட்டு உடையோருக்குத் தடையில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றி ஸ்பெயினில் சென்று வசிக்கும் உரிமை 2020 முடிவுடன் அற்றுப் போய் விட்டது. இலங்கையிலிருந்தே நேரடியாக அனுப்பி வைப்பதாகக் கூறிப் பணம் கேட்கும் முகவர்கள் குறித்து மேலும் அவதானம் தேவை. ஷெங்கன் சுற்றுலா விசா என்பது 180 நாட்களில் 90 நாட்கள் தங்குவதற்கு மட்டுமே உரியது. அதில் சென்று ஓராண்டு குடும்பத்துடன் தங்கலாம் என்று கூறுபவர் உண்மை பேசவில்லை.

புறப்படும் பிள்ளையின் கையில் ஒப்பமிட்ட கடிதம் இருக்க வேண்டும். வேலை நேரங்கள், ஓய்வு நாள், கைச்செலவுப் பணமும் அது தரப்படும் நாளும், வகுப்பு நேரம், நோயுற்றால் காப்புறுதி யாருடையது, விலகுவதாயின் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பன அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்துக்கு உடன்படிக்கை விதிப்பது இரண்டு வாரம். திரும்பி வருவதற்கான விமானக் கட்டணம் அவளது சொந்தக் கணக்கில் தொடாமல் இருக்கட்டும். கடவுச்சீட்டு அவளது பெட்டியிலேயே இருக்கட்டும். அதனைப் 'பத்திரமாக' வாங்கி வைக்க முன்வரும் வீட்டில் முதலாவது இரவைக் கூட அவள் கழிக்க வேண்டியதில்லை.