மனச்சிதைவு நோயும் ஆயரின் பொறுப்பும்

சபையில் ஓர் இளைஞனின் போக்கு மாறும்பொழுது, பெற்றோர் பெரும்பாலும் மருத்துவரை நாடுவதற்கு முன்னர் ஆயரின் இல்லத்திற்கே வருகின்றனர். ஆகவே, மனச்சிதைவு நோயின் அறிகுறிகளை ஆயர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இந்நோய் அரியதொன்றன்று, உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உள்ளது. ஆண்களிடம் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதி முதல் இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளும், பெண்களிடம் சற்றுப் பிந்தியும் தொடங்குகிறது.

1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் இதற்கு 'ஸ்கிசோஃப்ரினியா' எனப் பெயரிட்டார். ஆலயத் திரைச்சீலை கிழிந்ததைக் கூறுமிடத்து மாற்கு ஆளும் கிரேக்க வினையே இப்பெயரின் முற்பகுதி. பிற்பகுதி மனத்தைக் குறிக்கும். ஒருவருக்குள் இருவர் வாழ்வதாக இதனைப் பொருள்கொள்வது தவறு. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றின் இணைப்புக் குலைவதையே ப்ளாய்லர் கருதினார்.

1. அறிகுறிகள்

இவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இல்லாதவை தோன்றுதல். அருகில் எவருமின்றிக் குரல்கள் கேட்கும். அவை நோயாளியின் செயல்களை விமரிசிக்கும், சில வேளைகளில் கட்டளையும் இடும். அண்டை வீட்டார் உணவில் நஞ்சிடுகின்றனர், தன் எண்ணங்களைப் பிறர் களவாடுகின்றனர் என்பன போன்ற அசைக்கவியலாத பொய்ந்நம்பிக்கைகள் எழும். பேச்சு கோவையற்றுப் போகும். இரண்டாவது, இருந்தவை மறைதல். சொற்கள் குறையும், முகத்தில் உணர்ச்சி மங்கும், படிப்பு, நட்பு, நீராடல் யாவும் கைவிடப்படும். இவ்விரண்டாம் வகையைச் சோம்பல் என்றோ விசுவாசக் குறைவு என்றோ நாம் கடிந்துகொள்கிறோம்; அதுவும் நோயே.

2. நோயறிதல்

இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. மனநல மருத்துவர் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் விரிவாக உரையாடியே முடிவுக்கு வருகிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட அளவைகளின்படி, பொய்ந்நம்பிக்கை, பிரமை, கோவையற்ற பேச்சு, சீர்குலைந்த நடத்தை, இயல்பான ஆற்றல்களின் மறைவு ஆகிய ஐந்தனுள் இரண்டேனும் ஒரு மாத அளவு நீடித்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று முதல் மூன்றில் அடங்கியதாயிருத்தல் வேண்டும். நோயின் அடையாளங்கள் மொத்தத்தில் ஆறு மாதங்களேனும் தொடர்ந்திருப்பதும், தொழிலோ உறவோ தன்னைப் பேணுதலோ சீர்குலைந்திருப்பதும் வேண்டும். போதைப்பொருள், வலிப்பு, மூளைக்கட்டி, கடும் மனச்சோர்வு போன்ற பிற காரணங்களை விலக்குவதற்காகவே பரிசோதனைகள் செய்யப்படுகின்றன.

3. சமய அனுபவமும் நோயும்

"ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று ஒரு விசுவாசி கூறுவது நோயாகுமா? ஒரு சமூகத்தார் பொதுவாகக் கொண்டுள்ள நம்பிக்கையை மருத்துவம் நோயெனக் கருதுவதில்லை. அவர் உண்டு, உறங்கி, தம் கடமையைச் செய்து, பிறரோடு அன்பாய் வாழ்கின்றாரா என்பதை நோக்குக. அவ்வனுபவம் அவரை அச்சத்திலும் தனிமையிலும் ஆழ்த்துமாயின், மருத்துவரை நாடுவதே முறை.

இதனை நான் கற்றது ஒரு பிழையினால். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், குரல்கள் கேட்பதாகக் கூறிய கல்லூரி மாணவன் ஒருவனுக்காகப் பத்து மாதங்கள் உபவாசித்து ஜெபித்தேன்; மருத்துவரிடம் அனுப்பவில்லை. பின்னர் மருந்தினால் குரல்கள் அடங்கின. ஆனால் இழந்த படிப்பு மீளவில்லை. ஜெபித்தது பிழையன்று, மருத்துவத்திற்குப் பதிலாக ஜெபத்தை நிறுத்தியதே பிழை. சிகிச்சை தாமதிக்குந்தோறும் நலமடைதல் கடினமாகும் என்பதை அன்று நான் அறிந்திலேன்.

ஆகவே, நோயாளியின் பொய்ந்நம்பிக்கையோடு வாதிடவும் வேண்டா, அதனை ஆமோதிக்கவும் வேண்டா; அவர் படும் துயரத்தைச் செவிமடுப்போம். தம்மையோ பிறரையோ துன்புறுத்துமாறு குரல்கள் ஏவினால், அன்றே மருத்துவமனைக்கு உடன் செல்வோம். ஜெபக்கூட்டத்தின் மறுநாள் மாத்திரையை நிறுத்துமாறு எவரும் கூற இடந்தராதிருப்போம். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணி. காலந்தாழ்த்தாது அவரிடம் அழைத்துச் செல்வதும், அதன்பின் அக்குடும்பத்தைக் கைவிடாதிருப்பதும் நம் பணி.