தரையிறங்கும் நேரத்தில் இன்ஜின் நின்றால் விமானி என்ன செய்வார்?

சோழவந்தான் பக்கம் போனவர்களுக்கு வைகைப் பாசன நெல் வயல்கள் நன்றாகத் தெரியும். அந்த மாதிரி ஒரு வயலில் 262 பேருடன் ஏர்பஸ் விமானம் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? சினிமா கதை இல்லை, திருப்பதி அருகே நிஜமாகவே நடந்தது.

1993 நவம்பர் 15. இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 440, சென்னையிலிருந்து ஹைதராபாத் போனது. அங்கே ஓடுதளம் சரியாகத் தெரியவில்லை. விமானிகள் இறங்காமல் மேலே ஏறினார்கள். அப்போதுதான் சிக்கல்: இறக்கையின் பின்பக்கம் நீட்டப்படும் 'ஃபிளாப்' மடங்கவில்லை. சென்னைக்கே திரும்ப முடிவு செய்தார்கள்.

ஃபிளாப் நீட்டியபடி பறப்பது, விரித்த குடையுடன் எதிர்க்காற்றில் பைக் ஓட்டுகிற மாதிரி. எரிபொருள் மளமளவென்று கரையும். சென்னை வரை தாங்காது எனத் தெரிந்து திருப்பதிக்குத் திருப்பினார்கள். அதற்கும் முன்பே டேங்க் காலி. வயலில் இறக்கினார்கள், 262 பேரும் பிழைத்தார்கள். இறக்கிய திறமையைப் பாராட்டலாம். ஆனால் எரிபொருள் கணக்கை முன்னாடியே போட்டிருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழாது. ஃபிளாப், சக்கரம் எல்லாம் உள்ளே இருந்தால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் மிதந்து போகலாம். தரையிறங்கும் நேரத்தில் அவை வெளியே இருப்பதால் அவ்வளவு தூரம் கிடைக்காது. இன்ஜினை மறுபடி கிளப்பிப் பார்க்கவும் நேரமிருக்காது.

அந்த நொடியில் மூக்கைத் தூக்கத்தான் கை போகும். ஆனால் தூக்கினால் வேகம் குறையும். ஓரளவுக்கு மேல் குறைந்தால் இறக்கை தாங்காது, விமானம் விழுந்துவிடும். அதனால் மூக்கைத் தாழ்த்தியாவது வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். இதுதான் முதல் பாடம். ரேடியோவில் பேசுவதெல்லாம் அப்புறம்தான்.

2008 ஜனவரி 17 அன்று லண்டன் ஹீத்ரோவில் இதுதான் சோதிக்கப்பட்டது. பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, தரையிலிருந்து 720 அடி உயரத்தில் இருந்தபோது இரண்டு இன்ஜின்களும் கேட்ட சக்தியைத் தரவில்லை. துணை விமானி ஜான் கோவர்ட் விமானத்தை ஓட்ட, கேப்டன் பீட்டர் பர்கில் ஃபிளாப்பை 30-லிருந்து 25-க்குக் குறைத்தார். காற்றின் இழுவை குறைந்து சுமார் 50 மீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. இல்லையென்றால் ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த ஆன்டெனா கட்டமைப்பில் மோதியிருக்கும். ஓடுதளத்துக்கு முந்தைய புல்தரையில் விமானம் விழுந்தது; 152 பேரில் ஒருவரும் சாகவில்லை.

காரணம்? எரிபொருளில் இருந்த நீர் பனிக்கட்டியாகி, எரிபொருளைச் சூடாக்கும் கருவியையே அடைத்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பிறகு அந்தக் கருவியின் வடிவத்தை மாற்றியது.