கதையில் வரும் சித்திக்கு மட்டும் ஏன் கெட்ட பெயர்?

குழந்தைக்குச் சாதம் ஊட்டும்போது கதை சொல்லாத தாய்மார் உண்டா? ஸ்நோ ஒயிட், சிண்ட்ரெல்லா, ஹான்ஸல்-கிரெட்டல்... நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இவை இப்போது துருவன் கதையைவிட நன்றாகத் தெரியும். மூன்றிலும் ஒரு கெட்ட சித்தி வருகிறாள், கவனித்தீர்களா? (துருவனை அப்பா மடியில் ஏறவிடாத சுருசியும் அப்படித்தான். மாற்றாந்தாயால் அம்மாவின் தங்கைக்கும் சேர்த்துக் கெட்ட பெயர், பாவம்!)

இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் நாடோடிக் கதைகளைத் திரட்டி 1812-ல் முதல் புத்தகம் போட்டபோது, ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் சித்தியே அல்ல. பெற்ற தாய்! பஞ்சம் வந்ததும் ஹான்ஸலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டு வரச் சொன்னவளும் பெற்றவள்தான். 1819-ம் வருஷப் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டின் அம்மா பிரசவத்தோடு இறந்துபோகிறாள், சித்தி வந்துவிடுகிறாள். ஹான்ஸலின் அம்மா 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். சிண்ட்ரெல்லாவுக்கு மட்டும் 1697-ல் பிரான்ஸில் பெர்ரோ எழுதியபோதே சித்திதான்.

ஏன் மாற்றினார்கள்? முதல் புத்தகம் பழங்கதைகள் அழிந்துபோகாமல் காப்பாற்றத் திரட்டியது. ஆராய்ச்சிக் குறிப்பெல்லாம் உண்டு, படம் கிடையாது. அதைக் குழந்தைகளுக்கு வாசிப்பதா என்று பேச்சு எழுந்தது. 1825-ல் 50 கதைகளை மட்டும் பொறுக்கி, படம் போட்டு, குழந்தைகளுக்கென்றே சின்னப் பதிப்பு வந்தது. பெற்றவளே கொல்லச் சொல்கிறாள் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தாயின் பெயரைக் காப்பாற்றத்தான் பழியைச் சித்தி தலையில் போட்டார்கள் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அந்தக் காலத்தில் பிரசவத்தில் பெண்கள் இறப்பது சகஜம். அப்பாக்கள் மறுகல்யாணம் செய்துகொள்வார்கள். ஆக, கதை கேட்ட எத்தனையோ குழந்தைகளின் வீட்டில் நிஜமாகவே ஒரு சித்தி இருந்திருப்பாள். அவள் மனசை யார் நினைத்தார்கள்?

தண்டனையும் மாறியிருக்கிறது. கிரிம் கதையில் ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு சாகிற வரைக்கும் ஆடவேண்டும். 1937-ல் வந்த டிஸ்னி படத்தில் பாறையிலிருந்து விழுகிறாள். இப்போதைய படப் புத்தகங்கள் பலவற்றில் அந்தச் செருப்புப் பேச்சே கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெண். மனைவியை இழந்தவருக்கு இரண்டாந்தாரமாக வந்தாள். அவருக்கு ஆறு வயசில் ஒரு மகள். வந்த புதிதில் இவள் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தால் குழந்தை தொடாதாம். "நீங்க முதல்ல சாப்பிடுங்க சித்தி" என்குமாம்! அலமாரியில் ஸ்நோ ஒயிட் புத்தகம். "என்ன பண்றதுன்னே தெரியலை அக்கா" என்று என்னிடம் வந்து அழுதாள். மாமியார் புத்தகத்தை ஒளித்து வைக்கச் சொன்னாராம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒளித்தால் பயம் இன்னும் கூடும். "நீயே பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டு. கிரிம்காரங்களே அம்மாவைச் சித்தியா மாத்தினாங்க. நீ சித்தியை வெறும் ராணின்னு மாத்திச் சொன்னா யார் கேட்கப்போறா?" என்றேன்.

விஷ ஆப்பிளை மட்டும் எடுக்காதே என்றும் சொன்னேன். பயமே இல்லாத கதையைக் குழந்தைகள் இரண்டாம் தரம் கேட்பதில்லை, என் அனுபவம்.

அப்படியே படித்திருக்கிறாள். நாலைந்து நாள் கழித்துக் குழந்தை ஒரு கேள்வி கேட்டதாம். "ராணி இவ்வளவு பண்றாளே, ஸ்நோ ஒயிட்டோட அப்பா எங்கே போயிட்டார்?"

நியாயமான கேள்விதானே? ஹான்ஸல் கதையில் குழந்தைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவதில் அப்பாவும்தான் சேர்த்தி. கடைசியில் மனைவி செத்துப்போக, அவர் மட்டும் பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்! எந்தப் பதிப்பிலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவளுக்கும் பதில் தெரியவில்லை. "போய் உங்கப்பாவையே கேளு" என்று அனுப்பிவிட்டாளாம்.